வான்போர்ப் படங்களும் வரலாற்றுச் சாட்சியமும்

சில திங்களுக்கு முன் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் என் பேனா நின்றுவிட்டது. பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பற்றிய கட்டுரை அது. தாக்குதல் வெற்றியுடன் முடிந்த வேளையில் ஜப்பானியக் கடற்படைத் தலைவர் யமமோட்டோ, உறங்கிக் கிடந்த பேருருவம் ஒன்றை நாமே எழுப்பிவிட்டோம் என்ற பொருள்படச் சொல்லி வருந்தினார் என்று அம்மாணவன் எழுதியிருந்தான். நடை நன்றாயிருந்தது, மேற்கோளும் உரிய இடத்தில் அமர்ந்திருந்தது. "இதை எந்த நூலில் கண்டாய், தம்பி?" என்று கேட்டேன். "நூலில் இல்லை, ஹஜ்ரத். படத்தில் பார்த்தேன்" என்றான்.

அவன் பார்த்தது 1970ஆம் ஆண்டில் வெளிவந்த 'டோரா! டோரா! டோரா!' என்னும் படம். அதன் இறுதிக் காட்சியில் யமமோட்டோவாக நடிப்பவர் அச்சொற்களைச் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் உண்மையான யமமோட்டோ அவ்வாறு பேசினார் என்பதற்கோ, எழுதினார் என்பதற்கோ நம்பத்தக்க சான்று எதுவும் கிட்டவில்லை. இத்தனைக்கும் அது பொறுப்பற்றவர்கள் எடுத்த படமன்று. அமெரிக்கப் பகுதியை ரிச்சர்ட் ஃபிளைஷரும், ஜப்பானியப் பகுதியைத் தோஷியோ மசுதா, கிஞ்சி ஃபுக்கசாக்கு ஆகிய இருவரும் இயக்கினர். ஜப்பானியர் ஜப்பானிய மொழியிலேயே பேசினர். தாக்குதல் நடந்த முறை, அமெரிக்கத் தரப்பில் நேர்ந்த அசட்டைகள், எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் உரிய இடம் சேராமற்போனமை யாவும் ஆய்வு நூல்களைத் தழுவியே அமைக்கப்பட்டன. எண்பது பங்கு மெய்யாக இருக்கும் ஒரு படத்தில் வந்ததனாலேயே அந்த ஒரு வரி உலகமெங்கும் மேடைகளிலும் ஏடுகளிலும் வரலாறாக உலா வருகிறது. முழுப் பொய் தெருமுனையோடு நின்றுவிடும். மெய்யோடு கலந்த பொய்யே வகுப்பறை வரை வந்து சேரும்.

வான்போரைச் சொல்லும் படங்களில் வரலாறு எவ்வளவு உண்மையாகக் காட்டப்படுகிறது என்ற வினாவை அன்று முதல் பலவாறு எண்ணிப் பார்த்தேன். இத்துறையில் விமானப் பித்தர்கள் பலர் உளர். இறக்கையின் வளைவு தவறு, வால்பகுதியின் வண்ணம் தவறு, அந்த வகை விமானம் அந்த ஆண்டில் பிறக்கவேயில்லை என்று அவர்கள் குற்றப்பட்டியல் நீட்டுவர். அவர்களுடைய கூர்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பொருள்களில் நேரும் பிழையும் செய்தியில் நேரும் பிழையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கவை அல்ல என்பதே என் கருத்து.

பொருட்பிழைக்கு ஒரு நியாயமும் உண்டு. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்கள் உடைத்து உருக்கப்பட்டன. பிழைத்தவை சிலவே. 'டோரா! டோரா! டோரா!'வில் நாம் காணும் ஜப்பானிய விமானங்கள் எல்லாம் அமெரிக்கப் பயிற்சி விமானங்களுக்குப் புதிய உருவம் கொடுத்துச் செய்யப்பட்டவை. அதனால் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு ஒன்றுமில்லை. நாடகத்தில் அட்டைக் கிரீடம் அணிந்தவனை அரசனாக ஏற்றுக்கொள்கிறோமல்லவா? அதுபோன்றதே இதுவும்.

1969இல் வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' என்னும் படத்தை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1940ஆம் ஆண்டுக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் இங்கிலாந்தின் வானில் ஜெர்மானிய விமானப்படையும் பிரிட்டிஷ் விமானப்படையும் நிகழ்த்திய போரே அதன் கதை. கை ஹாமில்டன் இயக்கினார். டெரிக் வுட், டெரிக் டெம்ப்ஸ்டர் ஆகியோர் எழுதிய வரலாற்று நூல் ஒன்று அதற்கு அடிப்படையாயிற்று. அப்போரில் எதிரெதிரே நின்று போரிட்ட விமானிகளே படப்பிடிப்பில் ஆலோசகர்களாக அமர்ந்தனர். பிரிட்டிஷ் தரப்பில் ஸ்டான்ஃபோர்ட் டக் முதலானோரும், ஜெர்மானியத் தரப்பில் அடால்ஃப் காலண்டும் இருந்தனர். போரை நடத்திய வான்படைத் தலைவர் ஹ்யூ டௌடிங் முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி படப்பிடிப்பைக் காண வந்தார். தம்மைப் போல் வேடமிட்டு நின்ற லாரன்ஸ் ஒலிவியரை அவர் அங்கே சந்தித்தார். படம் வெளிவந்து சில திங்களில், 1970 பிப்ரவரியில், டௌடிங் காலமானார்.

ஜெர்மானிய விமானங்களுக்கு எங்கே போவது? ஸ்பெயின் நாட்டில் கிடைத்தன. மெசர்ஸ்மிட் சண்டை விமானத்தையும் ஹெய்ங்கல் குண்டுவீச்சு விமானத்தையும் உரிமம் பெற்று அந்நாட்டார் கட்டிவந்தனர். ஜெர்மனி வீழ்ந்தபின் ஜெர்மானிய எஞ்சின்கள் கிடைக்கவில்லை. ஆகவே 1950களில் அவற்றுக்குள் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சினையே பொருத்தினர். 1940இல் ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் பறக்கவைத்ததும் அதே மெர்லின் குலத்து எஞ்சின்தான். ஆக, அந்தப் படத்தில் இரு தரப்பு விமானங்களும் ஒரே இதயத்தோடு பறக்கின்றன. மெசர்ஸ்மிட்டின் மூக்கின்கீழ்த் தாடை தொங்குவதுபோல் தோன்றுவதற்கும் அதுவே காரணம்.

இதுவும் அட்டைக் கிரீடம்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் முழுவதும் தள்ளிவிட இயலவில்லை. மெசர்ஸ்மிட்டின் உண்மையான டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினில் எரிபொருள் நேரே உருளைகளுக்குள் செலுத்தப்பட்டது. மெர்லினிலோ மிதவையுள்ள கார்புரேட்டர் இருந்தது. ஜெர்மானிய விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாய்ந்தால் அவனுடைய எஞ்சின் தடையின்றி ஓடும். பின்தொடரும் பிரிட்டிஷ் விமானி அவ்வாறே செய்தால் எரிபொருள் மேலே எற்றப்பட்டு, எஞ்சின் இருமித் திணறும். அந்தச் சில விநாடிகளில் எதிரி தப்பிவிடுவான். ஆகவே பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தை மல்லாத்திப் பிறகு பாய வேண்டியிருந்தது. இக்குறையை 1941இல் ஓரளவு தீர்த்தவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். எரிபொருள் வழியில் துளையிட்ட சிறு உலோகத் தடுப்பு ஒன்றைப் பொருத்தச் செய்தார். எத்தனையோ இளைஞர்களின் சாவும் வாழ்வும் இந்த வேறுபாட்டில் தொங்கின. இரு தரப்புக்கும் ஒரே எஞ்சின் பூட்டிய படத்தில் இதைக் காண வழியில்லை. வண்ணத்தைப் பற்றி வாதாடுவோர் பலர் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்று. அன்றைய ஸ்பிட்ஃபயரில் 8 துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 தோட்டாக்கள். விசையை அழுத்திக்கொண்டேயிருந்தால் சுமார் 15 விநாடியில் அத்தனையும் தீர்ந்துவிடும். ஒரு பயணத்துக்கே 15 விநாடிகள்! திரையில் வரும் வீரர்களுக்கோ தோட்டா தீர்வதேயில்லை. 2017இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த 'டன்கிர்க்' படம் எரிபொருள் தீர்வதைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டது. தோட்டா விஷயத்தில் அதுவும் தாராளமாகவே நடந்துகொண்டது. அப்படத்தின் மெசர்ஸ்மிட்டுகளுக்கு மூக்கு மஞ்சள். டன்கிர்க் நிகழ்ந்தபோது அந்த வழக்கம் இன்னும் வரவில்லை. பார்ப்போர் பகைவனை எளிதில் இனங்காண வேண்டித் தெரிந்தே அவ்வாறு செய்ததாக இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிழையோடு எனக்கு வழக்கில்லை.

மீண்டும் 1940க்கு வருவோம். வான்போரில் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஓர் அனுபவம் உண்டு. ஒரு கணம் வானமெங்கும் விமானங்கள் சுழல்கின்றன. மறுகணம் பார்த்தால் ஒன்றையும் காணோம், வெற்று வானம் மட்டுமே இருக்கிறது. தம்மைச் சுட்டவனை இறுதிவரை காணாமலே வீழ்ந்தோர் பலர். வான்போரின் மெய்யான முகம் இந்தக் காணாமைதான். ஆனால் திரைப்படம் காட்டுவதற்கென்றே பிறந்த கலையல்லவா? இருவரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும். விழுவதைக் கடைசிவரை காட்ட வேண்டும். ஆகவே எந்த வான்போர்ப் படமும் தன் இயல்பினாலேயே அடிப்படையான ஒரு பொய்யோடுதான் தொடங்குகிறது. 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' இதிலிருந்து ஓரிடத்தில் மட்டும் தப்பியது. இறுதிப் பெருஞ்சண்டையில் எஞ்சின் ஓசை, துப்பாக்கி ஓசை, பேச்சு யாவும் அடங்கிவிடுகின்றன; வில்லியம் வால்டனின் இசை மட்டும் ஒலிக்கிறது. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று நமக்கு விளங்குவதில்லை. விளங்காததனாலேயே அக்காட்சி படத்தின் மற்றெல்லாக் காட்சிகளையும்விட உண்மைக்கு அருகே நிற்கிறது.

அப்படத்தின் சிறப்பாக நான் கருதும் மற்றொரு காட்சியில் விமானமே இல்லை. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களின் எண்ணிக்கையில் பிரிட்டன் சொல்வதும் ஜெர்மனி சொல்வதும் முரண்படுகின்றனவே என்று அமைச்சர் தரப்பில் கவலை எழுகிறது. எண்களில் தமக்கு அக்கறை இல்லை என்கிறார் டௌடிங். நம் கணக்கு சரியென்றால் அவர்கள் வருவதை நிறுத்துவார்கள், தவறென்றால் இங்கேயே வந்து சேர்வார்கள் என்பது அவர் விடையின் சாரம். வரலாறு இந்த இடத்தில் படத்துக்குத் துணை நிற்கிறது. 1940 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டும் 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மானியரின் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது உண்மைத் தொகை ஏறத்தாழ 60தான் என்று தெரிந்தது.

மூன்றில் ஒரு பங்கு! அப்படியானால் அந்த இளைஞர்கள் பொய்யர்களா? இல்லை. ஒரே விமானத்தை மூவர் சுட்டனர். புகையோடு அது மேகத்துக்குள் மறைவதை மூவரும் கண்டனர். மூவரும் தாம் வீழ்த்தியதாக நம்பி எழுதிக்கொடுத்தனர். செய்தி அறிவிப்போரை ஆராய்ந்த நம் முன்னோர், ஒருவரின் நேர்மையை வேறாகவும் அவர் செய்தியைப் பிடித்துவைக்கும் துல்லியத்தை வேறாகவும் நிறுத்தனர். முன்னதில் குறையில்லாதவர் பின்னதில் தவறலாம். இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, படைகளின் தொகையைச் சொல்லும்போதுதான் வரலாற்றாசிரியர்கள் மிகுதியும் சறுக்குகிறார்கள் என்று காட்டுகிறார். மூஸா நபியவர்களின் படையில் 6 லட்சம் வீரர் இருந்தனர் என்ற பழங்கணக்கை எடுத்து, அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுத்து நிற்க இடம் ஏது, ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரிவது எப்படி என்று கேட்கிறார். 14ஆம் நூற்றாண்டில் பிறந்த அக்கேள்வி 1940ஆம் ஆண்டு வானத்துக்கும் பொருந்துகிறது.

குறைகளும் அப்படத்தில் உண்டு. போலந்து விமானிகளை எடுத்துக்கொள்வோம். அப்போரில் 145 போலந்தியர் பறந்தனர். அவர்களுடைய 303ஆம் அணி 126 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. இத்தொகையும் பிற்கால ஆய்வில் குறைந்துபோனதுதான். ஆயினும் அவ்வணியின் பெருமை குறையவில்லை. பயிற்சிப் பறப்பின் நடுவே அணியை விட்டு விலகிப் போலந்தியர் எதிரியின்மீது பாயும் காட்சி உண்மை நிகழ்ச்சி ஒன்றைத் தழுவியது. ஆனால் படம் அதனை நகைச்சுவையாக்கிவிட்டது. ஆங்கிலம் பேசத் தெரியாத ஆர்வக்கோளாறுக்காரர்கள் என்பதே நம் மனத்தில் தங்குகிறது. நாட்டை இழந்து வந்தவனின் சினத்தைக் கண்டு சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

டௌடிங் அவ்வாண்டு நவம்பரிலேயே பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவருடைய வலக்கையாயிருந்து போரை நடத்திய கீத் பார்க்கும் டிசம்பரில் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். வென்றவர்களுக்குக் கிடைத்த பரிசு அது. படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது, அகற்றப்பட்டதைச் சொல்லவில்லை. ஜெர்மானியத் தளபதி கெஸ்ஸல்ரிங் நாஜிக் கட்சியின் முறைப்படிக் கைநீட்டி வணக்கம் செலுத்துவதாக ஒரு காட்சி அமைத்தபோது காலண்ட் கடுமையாக எதிர்த்தார். அவ்வணக்கம் படைகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது 1944 ஜூலைக்குப் பிறகே என்பதால் அவர் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. எனினும் தம் படையை நாஜிகளிடமிருந்து விலக்கிக் காட்டவேண்டும் என்ற ஆசையும் அந்த நியாயத்துக்குள் ஒளிந்திருந்ததோ என்று ஐயுறுகிறேன். ஆலோசகரும் ஒரு சாட்சியே. சாட்சியின் சார்பையும் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

1976இல் வந்த 'மிட்வே' படத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1942 ஜூன் மாதம் பசிபிக் கடலில் நடந்த அப்போரில் ஜப்பானியரின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் அக்காகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்றும் அதற்கு இரண்டு திங்களுக்கு முன் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிச் சென்றவை. இத்தகைய போரைச் சொல்ல வந்தவர்கள் பழைய படங்களின் துண்டுகளை ஒட்டிப் படமெடுத்தனர். கதாநாயகன் சேதமுற்ற விமானத்தோடு கப்பலில் இறங்க முயன்று மோதி மடிகிறான். மோதும் கணத்தில் நாம் காண்பது 1951இல் ஒரு ஜெட் விமானத்துக்கு நேர்ந்த விபத்தின் படச்சுருள்! புறப்பட்டது சுழல்விசிறி விமானம். மோதியது ஜெட் விமானம். அந்த உண்மை விபத்தில் சிக்கிய விமானி உயிர் பிழைத்தார் என்பது இன்னும் வியப்பு. பிழைத்தவரின் விபத்தைக் காட்டி, பிறக்காத ஒருவனைச் சாகடித்துவிட்டனர்.

2001ஆம் ஆண்டின் 'பேர்ல் ஹார்பர்' படமோ பெரும் பொருட்செலவில் சிறு பொறுப்பும் இல்லாமல் எடுக்கப்பட்டது. இளஞ்சாம்பல் நிறத்தில் வந்த ஜப்பானியப் போர்விமானங்களுக்குப் பச்சை வண்ணம் பூசியதை மன்னிக்கலாம். தாக்குதல் நடந்தபோது ஜார்ஜ் வெல்ச், கென்னத் டெய்லர் என்ற இரு இளைஞர்கள் உண்மையாகவே விமானமேறி எதிர்த்துப் போரிட்டனர். அவர்களுடைய செயலை எடுத்துக்கொண்டு, பெயர்களைத் துடைத்துவிட்டு, காதல் முக்கோணத்தில் சிக்கிய இரு கற்பனை நாயகர்களுக்குச் சூட்டிவிட்டது படம். அவ்விருவரே நான்கு திங்களுக்குப் பின் குண்டுவீச்சு விமானமேறி டோக்கியோவைத் தாக்கவும் செல்கின்றனர்! 1942 ஏப்ரல் 18ஆம் நாள் டூலிட்டில் தலைமையில் 16 விமானங்களில் சென்ற 80 பேரும் குண்டுவீச்சுப் பிரிவினர்; சண்டை விமானிகளை அங்கே ஏற்றியது திரைக்கதைதான். அத்தாக்குதலில் சென்றவர்களுக்கு அடைக்கலம் தந்ததற்காகச் சீனத்துக் கிராமங்கள்மீது ஜப்பானியப் படை பழிதீர்த்துக்கொண்டது. அங்கு மாண்ட குடிமக்களின் தொகை இரண்டரை லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. மூன்று மணி நேரப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. முத்தக் காட்சிகளுக்கு இருந்தது.

விட்டுவிடுதலும் ஒருவகைப் பொய்யே. இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டாக ஒரு நல்ல படத்தையே சொல்ல வேண்டியிருப்பது வருத்தம். 1955இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய 'டேம் பஸ்டர்ஸ்' அது. 1943 மே 16ஆம் நாள் இரவு பிரிட்டனின் 617ஆம் அணியைச் சேர்ந்த 19 லாங்காஸ்டர் விமானங்கள் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் புறப்பட்டன. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர், நீரின்மேல் தத்திச் சென்று அணையைத் தொட்டு அடியில் வெடிக்கும் குண்டை வடிவமைத்திருந்தார். மோனே, ஈடர் என்ற இரு அணைகள் உடைந்தன. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் மாண்டனர், 3 பேர் சிறைப்பட்டனர்.

படத்தில் அந்தக் குண்டின் உருவம் தவறு. உண்மையில் அது எண்ணெய்ப் பீப்பாயைப்போல் உருளையானது. வீசுமுன் பின்னோக்கிச் சுழற்றப்பட்டது. படம் எடுத்த நாளில் அது இராணுவ இரகசியமாதலால் மறைத்துக் காட்டினர், குற்றமில்லை. விமானம் நீர்மட்டத்திலிருந்து 60 அடி உயரத்தில் பறக்கிறதா என்று அறிய, அடியில் இரு விளக்குகளைப் பொருத்தி, இரண்டின் ஒளிவட்டமும் நீரில் ஒன்றுசேருமாறு செய்தனர். அணித் தலைவர் கிப்சன் நடன அரங்கில் ஒளிக்கற்றைகளைக் கண்டதும் இந்த எண்ணம் தோன்றியதாகப் படம் சொல்கிறது. அதைச் சொன்னவர் விமான உற்பத்தி அமைச்சகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் லாக்ஸ்பைசர் என்ற அறிவியலாளர். அலுவலக மேசையைவிட அரங்கம் அழகாயிருக்கிறது என்று மாற்றியிருப்பார்கள். இதையும் விட்டுவிடலாம்.

ஆனால் அணைக்குக் கீழே? வெள்ளம் பாய்வதைப் படம் காட்டுகிறது. மூழ்கியவர் யாரென்று சொல்லவில்லை. அவ்விரவு 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஜெர்மானியரே அல்லர். பிற நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளரும் போர்க்கைதிகளும் ஆவர். மோனே அணையின் கீழே நெய்ஹைம் என்ற ஊரில் சோவியத் நாட்டுப் பெண் தொழிலாளர்கள் அடைக்கப்பட்டிருந்த முகாம் ஒன்று இருந்தது. பல நூறு பெண்கள் அங்கே நீரோடு போயினர். எந்தப் பகைவனை ஒழிக்க அணை உடைக்கப்பட்டதோ, அந்தப் பகைவனின் அடிமைகளே அவ்வெள்ளத்துக்கு முதலில் இரையாயினர். படத்தின் முடிவில் வாலிஸ் திரும்பி வராத 56 பேருக்காகக் கலங்குகிறார். கிப்சன் அவர்களுடைய குடும்பங்களுக்குக் கடிதம் எழுதப் போகிறார். மிக அடக்கமான, கண்ணீர் வரவழைக்கும் முடிவு. நானும் கலங்கினேன். அந்தப் பெண்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுத எவரும் இருக்கவில்லை என்பது பின்னால் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. படம் பார்த்த அன்று அந்த வினாவே என் மனத்தில் எழவில்லை. அதுதான் படத்தின் வல்லமை. என் குறையும் அதுவே.

இனி, சொல்லத் தயங்கியே தொடும் ஒரு செய்தி. அமெரிக்கப் படையில் கருநிற மக்கள் விமானம் ஓட்டத் தகுதியற்றவர்கள் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம். அவர்கள் போருக்கே ஏற்றவர்கள் அல்லர் என்று 1925இல் அந்நாட்டு இராணுவக் கல்லூரி அறிக்கையே எழுதியது. அதை முறியடித்துக்கொண்டு, அலபாமாவின் டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கருநிற விமானிகள் இத்தாலியிலிருந்து 332ஆம் சண்டை விமானப் பிரிவாகப் பறந்தனர். குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகச் செல்வது அவர்கள் பணி. அவர்கள் காவல் சென்ற எந்தக் குண்டுவீச்சு விமானமும் எதிரியிடம் வீழ்ந்ததில்லை என்று ஒரு புகழுரை பிறந்தது. 1995இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'தி டஸ்கீகி ஏர்மென்' படமும் அப்புகழுரையைப் பரப்பியது. 2012இல் 'ரெட் டெயில்ஸ்' வந்தது. கருநிற நடிகர்களே நிறைந்த படத்துக்குப் பெரிய நிறுவனங்கள் முதல் போட மறுத்ததால் ஜார்ஜ் லூகாஸ் தம் கைப்பொருளைப் போட்டு எடுத்தார். நல்ல நோக்கம். ஆனால் அப்பிரிவை உண்மையில் நடத்திய பெஞ்சமின் டேவிஸின் பெயர்கூட அதில் இல்லை. கற்பனைத் தளபதி ஒருவர் வருகிறார்.

அப்புகழுரை பிழையானது. அமெரிக்க விமானப்படையின் வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன் அன்றாடப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, அவர்கள் காவலில் இருந்த 27 குண்டுவீச்சு விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டதை நிறுவினார். இது வெளிவந்தபோது முதிய வீரர்கள் சிலர் மனம் புண்பட்டனர். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பல்லாண்டு அவமதிக்கப்பட்ட ஒரு கூட்டத்தார் ஒரு பெருமொழியைக் கையில் பற்றியிருக்கும்போது, அது தவறு என்று சொல்பவன் பழைய பகைவனைப் போலவே தோன்றுவான். எந்தச் சமுதாயத்துக்கும் இச்சோதனை வந்தே தீரும்.

ஆனால் ஹால்மன் அதே ஏடுகளிலிருந்து இன்னொரு தொகையையும் எடுத்து வைத்தார். அதே வான்படையின் மற்றக் காவல் பிரிவுகள் இழந்தது சராசரியாக 46 விமானங்கள். நிறத்தால் தாழ்த்தப்பட்டவர்கள் இழந்தது 27. ஒன்றையும் இழக்காதவர்கள் என்பது எவரும் ஐயுறக்கூடிய புகழ். 46க்கு 27 என்பது பகைவனின் ஏடே சான்று சொல்லும் புகழ். எந்தப் படமாவது இந்த இரண்டு எண்களைத் திரையில் காட்டியதா?

1945 மார்ச் 24ஆம் நாள் அமெரிக்கக் கருநிற மக்களின் வார ஏடு ஒன்று, 332ஆம் பிரிவு ஒரு குண்டுவீச்சு விமானத்தையும் இழக்காமல் 200ஆம் பயணத்தை முடித்ததாகத் தலைப்பிட்டு எழுதியது. அதே நாளில் அப்பிரிவு பெர்லின் வரை காவல் சென்றது. உலகின் முதல் ஜெட் போர்விமானங்களான ஜெர்மானிய மெசர்ஸ்மிட்-262கள் அங்கே அவர்களை எதிர்கொண்டன. சுழல்விசிறி விமானங்களில் இருந்தபடியே அவர்கள் மூன்று ஜெட் விமானங்களை வீழ்த்தினர். அன்றே அவர்கள் காவலில் இருந்த குண்டுவீச்சு விமானங்கள் சிலவும் வீழ்ந்தன. இங்கே ஏட்டில் அச்சு மை உலர்ந்துகொண்டிருந்த வேளையில், அங்கே வானத்தில் இவை இரண்டும் நடந்துகொண்டிருந்தன.